முதுமையை முன்கூட்டியே வாங்கியவர்: கே.பி. சுந்தராம்பாளின் மேடையும் திரையும்

கே.பி. சுந்தராம்பாளை ஓர் இளம்பெண்ணாக நினைத்துப் பார்க்க நம்மில் பெரும்பாலானோரால் முடிவதில்லை. வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு தடி, உச்சத்தில் நின்று இறங்க மறுக்கும் குரல். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைச் சமாதானப்படுத்த வரும் அவ்வை. எங்களுக்கு அவர் அவ்வளவுதான். நான் பிறந்த குருக்கள்மடம் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கலான ஊர். திருவிழாக் காலத்தில் கோயில் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் எழுந்தால் வாவியைத் தாண்டிப் படுவான்கரை வரைக்கும் போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் குரலுக்குரியவர் ஒரு காலத்தில் வள்ளியாக, காதலியாக, நாயகியாக மேடையேறியவர் என்பதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவர் 1980 ஆம் ஆண்டு காலமானார். அதன் பிறகு பிறந்தவர்களுக்கும் அவர் தெரிந்த முகம்தான். ஆனால் அந்த முகம் எப்படி உருவானது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொழும்பு மேடையில் தொடங்கிய ஒரு காதலும், 25 வயதில் வந்த கைம்மையும், அதற்குப் பிறகு அவர் ஏற்ற வேடங்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நம் ஊர்களில் இன்றும் தீராத ஒரு கேள்வியும் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

சுந்தராம்பாள் 1908 இல் காவிரிக்கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். பெயருக்கு முன்னால் நிற்கும் கே.பி. என்பது கொடுமுடியையும் தாய் பாலாம்பாளையும் குறிக்கிறது. தகப்பன் இல்லாத வீடு. பிள்ளைகளை வளர்க்கத் தாய் பட்ட பாடு பெரும்பாடு. சிறுமி ரயிலில் பாடிக் காசு வாங்கியதாகவும், அப்படிப் பாடிய ஒரு நாளில் ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப்.ஜி. நடேச ஐயரின் காதில் அந்தக் குரல் விழுந்ததாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அங்கிருந்து வேலு நாயர் நாடகக் கம்பனிக்குப் போனார். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக நடித்தது அவருடைய முதல் வேடங்களில் ஒன்று. பசியை அறிந்த பிள்ளை பசியைப் பாடியபோது கொட்டகையே அழுதது என்பார்கள்.

அன்றைய நாடக மேடையின் நடைமுறையைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய குரல் ஏன் அப்படி இருந்தது என்பது விளங்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்களே அப்போது தமிழ்நாட்டு மேடையை ஆண்டன. ஸ்பெஷல் நாடகம் என்ற ஒரு முறை இருந்தது. ஒத்திகை கிடையாது. ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட், இன்னோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், வேறோர் ஊரிலிருந்து ஆர்மோனியக்காரர் என்று அழைத்து ஓர் இரவுக்கு மேடையேற்றுவார்கள். பாடமும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். மேடையில் ஒருவர் பாட்டால் கேட்க, மற்றவர் பாட்டால் பதில் சொல்ல வேண்டும். சரக்கு இல்லாதவர் நடுமேடையில் மாட்டிக்கொள்வார். ஒலிவாங்கி இல்லாத காலம் என்பதால் கடைசி வரிசையில் தரையில் இருப்பவருக்கும் சொல் விளங்க வேண்டும். ஆகவே சுருதியை உயர்த்தி வைத்துத்தான் பாடினார்கள். கோயில் ஒலிபெருக்கியில் நாம் கேட்கும் அந்த உச்சக் குரல், ஒலிபெருக்கியே இல்லாத மேடையில் வளர்ந்தது.

அந்த நாடகக் கம்பனிகள் கடல் கடந்து இலங்கைக்கும் வந்தன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவற்றுக்குப் பெரிய வரவேற்பு இருந்தது. யாழ்ப்பாணத்தின் இசை நாடக மரபு அந்த வருகைகளில் ஊறி வளர்ந்ததுதான். பிற்காலத்தில் மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்ற நடிகமணி வி.வி. வைரமுத்து வரைக்கும் அந்த வழி தொடர்ந்தது. சிறுமியாகவே இலங்கைக்கு வந்த சுந்தராம்பாள் இங்கே பெயர் எடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் பெரிய நட்சத்திரமானார்.

1926 இல் செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பா கொழும்புக்கு வந்தார். அவருக்கு அப்போது 20 வயது. அவருடைய குரலுக்கு முன்னால் நிற்கக்கூடிய பெண் குரல் இல்லை என்ற பேச்சு இருந்த காலம். இருவரும் முதன்முதலில் சேர்ந்து மேடையேறியது கொழும்பில்தான் என்று நாடக வரலாற்றை எழுதியவர்கள் பலரும் குறிப்பிடுகிறார்கள். கிட்டப்பா வேலன், சுந்தராம்பாள் வள்ளி. ஒத்திகையில்லாத மேடையில் இரண்டு பெரிய குரல்கள் ஒன்றையொன்று சீண்டி ஏறியபோது பார்த்தவர்களுக்கு நாடகம் எது, நிஜம் எது என்று பிரித்தறிய முடிந்திருக்காது. மேடையில் வேலன் வள்ளியை மணந்துகொண்டே இருந்தான். மறுவருடம் மேடைக்கு வெளியேயும் கலியாணம் நடந்தது.

கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். அவர் பிராமணர், சுந்தராம்பாள் பிராமணரல்லாதவர், மேடை நடிகை. அந்தக் கலியாணத்தை கிட்டப்பாவின் சுற்றம் மனமார ஏற்கவில்லை. பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. குடி கிட்டப்பாவைத் தின்றது. பிணக்கும் பிரிவும் வந்தன. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்திருக்கின்றன. அவற்றில் பேசுவது திருநீறு பூசிய சாந்தமான மூதாட்டி அல்ல. கோபமும் ஏக்கமும் கணக்கு வழக்கும் மானமும் உள்ள ஓர் இளம் மனைவி பேசுகிறாள்.

1933 டிசம்பர் 2 ஆம் திகதி கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. நகைகளைக் கழற்றினார். வெள்ளை உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் சோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதற்குப் பிறகு உயிரோடிருந்த ஏறத்தாழ 47 வருடங்களும் அந்த முடிவை மாற்றவில்லை.

அந்த நாளைய வழக்கப்படி ஒரு கைம்பெண் செய்யவேண்டியது என்ன? வீட்டின் பின்கட்டில் ஒதுங்கியிருப்பது. நடிகை என்றால் மேடையை விட்டு இறங்கிவிடுவது. நாயகி வேடமே நடிகையின் பிழைப்பாக இருந்த காலத்தில், நாயகியாக நடிக்கமாட்டேன் என்பது தொழிலை விடுவதற்குச் சமம். ஆனால் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலையைக் கழற்றவும் இல்லை, மேடையை விட்டுப் போகவும் இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழியை வேடங்களில் கண்டுபிடித்தார்.

1935 இல் வெளிவந்த பக்த நந்தனார்தான் அவருடைய முதல் திரைப்படம். அதில் அவர் ஏற்றது ஆண் வேடம். சிதம்பரம் கோயிலுக்குள் போகத் தவித்த, சாதியின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்ட பண்ணையாள் நந்தன். அவருக்கு எதிரில் வேதியராக நடித்தவர் புகழ்பெற்ற சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அந்தப் படத்துக்கு சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு இலட்சம் ரூபா என்பது அன்றைக்கு நாடெங்கும் பேச்சாக இருந்தது. படம் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. ஆனந்த விகடனில் கல்கி அதைக் கேலி செய்து விமர்சனம் எழுதினார். ஆனாலும் அந்த வேடத் தெரிவை நான் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன். ஆணோடு நடிக்கமாட்டேன் என்று சொன்ன பெண் ஆணாகவே நடித்தார். மங்கல காரியங்களின் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டிய கைம்பெண், கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதனின் வேடத்தை ஏற்றார்.

மட்டக்களப்புக் கூத்துக் களரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேடத்தில் பால் மாறுவது புதிதல்ல. வடமோடியானாலும் தென்மோடியானாலும் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, திரௌபதையாகவும் சுபத்திரையாகவும் ஆடி வருவது எங்கள் ஊர் இளைஞர்கள்தான். பெண்ணை மேடையேற்ற மனமில்லாததால் ஆண் பெண்ணானான். அதற்கு எதிர்ப்பக்கம் நடப்பது அபூர்வம். இன்று கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பெண்பிள்ளைகள் கூத்து ஆடப் படிக்கிறார்கள். இந்த இடத்துக்கு வர எங்களுக்கு எத்தனை தலைமுறை எடுத்தது என்று எண்ணிப் பார்த்தால், 1935 இல் ஒரு பெண் தலைப்பாகை கட்டாத ஒரு கூலியாளின் வேடத்தில் படம் முழுக்க நின்றது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியும்.

அடுத்து 1940 இல் மணிமேகலை. கணிகையர் குலத்தில் பிறந்தும் இளவரசனின் காதலை மறுத்துத் துறவு பூண்ட பெண். பிறகு நீண்ட இடைவெளி. 1953 இல் ஜெமினியின் ஒளவையார். எஸ்.எஸ். வாசன் தயாரித்து கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அந்தப் படத்தில் இளம் ஒளவையாக குசலகுமாரி நடித்தார். கலியாணம் பேசும்போது, தன் இளமையையும் அழகையும் எடுத்துவிடும்படி பிள்ளையாரிடம் கேட்டு, அந்த இடத்திலேயே கிழவியாகிறாள் ஒளவை. அங்கிருந்துதான் சுந்தராம்பாள் வருகிறார். யானைகள் கோட்டையை இடிக்கும் காட்சியைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம். எனக்கு அந்த உருமாற்றம்தான் முக்கியம். திரையில் ஒளவைக்கு அது ஒரு கண நேரத்தில் நடந்தது. அதில் நடித்தவருக்கு அது 20 வருடங்களுக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

1964 இல் பூம்புகார். மு. கருணாநிதி வசனம் எழுதி, ப. நீலகண்டன் இயக்கிய படம். கோவலனாக எஸ்.எஸ். ராஜேந்திரன், கண்ணகியாக விஜயகுமாரி. கவுந்தியடிகளாக சுந்தராம்பாள். காங்கிரஸ்காரரும் ஆழ்ந்த பக்தருமான அவர் திராவிட இயக்கத்தவரின் படத்தில் நடித்ததே அன்று வியப்பாகப் பேசப்பட்டது. தெய்வம் எங்கே போயிற்று என்ற பொருளில் வரும் ஒரு பாட்டு வரியைப் பாட அவர் மறுத்ததாகவும், அந்த வரி மாற்றப்பட்ட பின்னரே பாடியதாகவும் திரையுலகில் ஒரு கதை நீண்ட காலமாகச் சொல்லப்படுகிறது. அவருடைய குணத்துக்கு அது பொருந்துகிறது.

1965 இல் ஏ.பி. நாகராஜனின் திருவிளையாடல், 1967 இல் கந்தன் கருணை. இரண்டிலும் அவ்வை. 1969 இல் துணைவன். அந்தப் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது. அப்போது வயது 60 ஐக் கடந்திருந்தது. மறுவருடம் பத்மஸ்ரீ. 1973 இல் காரைக்கால் அம்மையார். இளம் புனிதவதியாக லட்சுமி நடிக்க, பேயுருவை வேண்டிப் பெற்ற அம்மையாராக சுந்தராம்பாள் வந்தார். புனிதவதியின் கதை நமக்குத் தெரியும். கணவன் விலகிப்போய் வேறொரு பெண்ணை மணந்து வாழ்கிறான். இனி இந்த உடல் யாருக்கு என்று சதையை உதறிவிட்டு இறைவனிடம் போகிறாள்.

நந்தன், மணிமேகலை, ஒளவை, கவுந்தி, காரைக்கால் அம்மையார். இந்த வரிசையைப் பாருங்கள். குடும்பத்துக்குள் யாருடைய மனைவி என்று கேட்க இடம் தராதவர்கள். தமிழ் இலக்கியத்தில் ஒரு பெண் தனியாக ஊர் ஊராக நடக்கவும், அரசனிடம் நேருக்கு நேர் பேசவும், கடவுளைக் கண்டிக்கவும் உரிமை பெறும் இடங்கள் சில உண்டு. பெரும்பாலும் அதற்கு விலை இளமை. ஒளவை அதைக் கேட்டுக் கொடுத்தாள், அம்மையார் உதறிக் கொடுத்தார். சுந்தராம்பாளும் அந்த விலையைக் கொடுத்துத்தான் மேடையைக் காப்பாற்றிக்கொண்டார் என்பது என் வாசிப்பு. கைம்பெண்ணை ஒதுக்கும் சமூகத்துக்கு ஒளவையை ஒதுக்கத் தெரியாது. அவர் அந்த வேடத்துக்குள் போய் நின்றுகொண்டார்.

மேடைக்கு வெளியேயும் அவர் பின்கட்டில் இருக்கவில்லை. சத்தியமூர்த்தியோடு 1937 தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பாடினார். அவர் பாடினால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்த பிறகுதான் பேச்சாளர் பேசுவார். பிற்காலத்தில் சென்னை மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் போன முதல் திரைக்கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். தமிழ்நாட்டு அரசியலில் சினிமாக்காரர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அண்ணாதுரை, கருணாநிதி, எம்.ஜி.ஆர். என்று தொடங்குவது வழக்கம். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு நாடக நடிகையிலிருந்து தொடங்குவதே சரி.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு நெருடலையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய துறவைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு கற்பின் கதையாகவே சொல்கிறார்கள். இறந்த கணவனுக்காக எல்லாவற்றையும் துறந்த உத்தமி. அந்தப் புகழுக்குள் மற்றப் பெண்களுக்கு ஒரு கட்டளை ஒளிந்திருக்கிறது. அது எனக்குக் கசக்கிறது. ஏனென்றால் நான் கைம்பெண்கள் நிறைந்த ஒரு மாவட்டத்தைச் சேர்ந்தவள். போர் இங்கே எத்தனையோ பெண்களை 25 வயதிலும் அதற்கு முன்பும் தனியாக்கிவிட்டுப் போனது. எங்கள் பக்கம் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். குடிவழி தாய்வழி. ஆகவே கணவன் போனாலும் அவளை வீட்டை விட்டு யாரும் இறக்க முடியாது. ஆனால் அதே வீட்டில் மகளுக்குக் கலியாணம் நடக்கும்போது அவள் பின்னுக்குப் போய் நிற்கிறாள். என் அம்மம்மா தன் பிள்ளைகளின் கலியாணங்களை அடுப்படி வாசலில் நின்றுதான் பார்த்தார். யாரும் போகச் சொல்லவில்லை. போகச் சொல்லாமலே போய் நிற்கப் பழகியிருந்தார்.

இந்த முரண் எங்கள் மண்ணில் இன்னும் கூர்மையானது. வைகாசி வந்தால் எங்கள் பக்கத்து ஊரான செட்டிபாளையம் உட்பட எத்தனையோ ஊர்களில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கும். வழக்குரை படிப்பார்கள். குளிர்த்தி பாடி அவளுடைய கோபத்தை ஆற்றுவார்கள். அந்தத் தெய்வம் யார்? கணவனைப் பறிகொடுத்து, ஒற்றைச் சிலம்போடு அரசனிடம் நியாயம் கேட்டு நின்ற கைம்பெண். அவளுக்குப் பட்டும் பூவும் சாத்திக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, வீட்டிலிருக்கும் கைம்பெண்ணைத் தாம்பூலத் தட்டுக்குக் கிட்ட வர விடாமல் வைத்திருக்கிறோம்.

சுந்தராம்பாளின் வாழ்க்கையிலும் இதேதான் நடந்தது. அவரைத் தெய்வப் பாத்திரங்களில் கும்பிட்ட சமூகம், அவர் ஒரு சாதாரணப் பெண்ணாகத் திரும்பி வரவேண்டும் என்று ஒருபோதும் எதிர்பார்க்கவில்லை. அவர் வேறு முடிவு எடுத்திருந்தால், மறுபடி வள்ளியாக மேடையேறியிருந்தால், இன்னொருவரை மணந்திருந்தால், இதே மரியாதை கிடைத்திருக்குமா? நிச்சயமாக இல்லை. அதனால் அவருடைய முடிவு பொய்யாகிவிடாது. அது அவருடைய காதல், அவருடைய துக்கம், அவருடைய பிடிவாதம். ஆனால் ஒரு வாசல் மட்டும் திறந்திருந்த வீட்டிலிருந்து அவர் அந்த வாசலால் வெளியே வந்தார் என்பதை மறந்துவிட்டு, எல்லாப் பெண்களும் அந்த வாசலால்தான் வரவேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நடிகையாக அவர் இழந்ததும் கொஞ்சம் அல்ல. 1935 க்கும் 1973 க்கும் இடையில் அவர் நடித்த படங்கள் ஒரு டசின் அளவுதான். ஸ்பெஷல் நாடக மேடையில் எதிராளியின் பாட்டுக்கு அந்தக் கணத்திலேயே பதில் பாட்டுக் கட்டி மடக்கிய சமர்த்து, அந்தச் சிரிப்பு, அந்தக் குறும்பு, இவற்றுக்குத் திரையில் பெரிதாக இடம் கிடைக்கவில்லை. அவ்வை முருகனோடு வாதாடும் இடங்களில் மட்டும் ஒரு கீற்றுப் போலத் தெரியும். கவனித்துப் பாருங்கள். கோபித்துக்கொண்ட பிள்ளையிடம் பேசும்போது அந்தக் கண்களில் ஒரு விளையாட்டு இருக்கும். பழைய வள்ளியின் மிச்சம் அது.

கிட்டப்பாவும் அவரும் பாடிய பழைய இசைத்தட்டுகள் சில இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. கீறலும் இரைச்சலுமாக இருக்கும். அவற்றில் சுந்தராம்பாளின் குரலைத் தனியாகக் கேட்டால், கோயில் ஒலிபெருக்கியில் கேட்ட அதே குரல்தான் என்று உடனே தெரிந்துவிடும். அதே உயரம், அதே அழுத்தமான உச்சரிப்பு. ஆனால் அதில் அவசரமும் ஆசையும் இருக்கிறது. நமக்கு அவ்வையை மட்டும்தான் தெரியும் என்பதால் அதைக் கேட்க முதலில் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கலாம். அந்தக் கூச்சம் நம்முடையது, அவருடையது அல்ல.